வலிக்காத இடம்

ஆலிலைமேல் துயில்கொள்பவன் திருவடிகளுக்கும், துளசிச் செடியின் அடியில் குழந்தையாய்க் கிடைத்து இந்த ஊருக்குத் தாயாகிவிட்ட நாச்சியாரின் திருவடிகளுக்கும் அடியேனின் தண்டன். சொல்ல வந்தது சிறிய செய்தி. அதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லும் புத்தியை அவர்கள் தரவேண்டும்.

இன்று தை மாதத்து வளர்பிறை ஏகாதசி. ரோகிணியும் கூடியிருக்கிறது. எழுதத் தொடங்குவதற்கு நல்ல நாள். ஆசாரியனிடம் தோளில் சங்கும் சக்கரமும் பெற்ற இளம் வயதிலிருந்து ஏகாதசியில் நான் அன்னம் தொட்டதில்லை. பகல் முழுவதும் துளசித் தீர்த்தத்தோடு இருந்துவிடுவேன். இன்று காலை கோதுமை ரவை உப்புமா உண்டபிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஊசி போட்டுக்கொண்டவன் உண்ணாமல் இருக்கலாகாது. அந்த ஊசியைப் பற்றியதே இந்தக் குறிப்பு.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் ஸ்டோர் ரூமில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பேரிங், பெல்ட், நூல் சுற்றும் பாபின், எண்ணெய் டின் எனப் பல்லாயிரம் சாமான்கள் அங்கே இருந்தன. ஒவ்வொரு தட்டின் முன்னும் ஓர் அட்டை தொங்கும். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, இருப்பது எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அட்டையில் உள்ளதும் தட்டில் உள்ளதும் ஒன்றாக இருந்தால் ஸ்டோர் நன்றாக இருக்கிறது என்று பொருள். ஓய்வு பெற்றபின் ஸ்ரீவில்லிபுத்தூரில், கோயிலின் தேர் வீதியிலிருந்து பிரியும் சந்தில் உள்ள எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டேன். என் மனைவி பரமபதித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதுமுதல் தனியாக இருக்கிறேன். விடியலில் குளித்து, உடம்பில் பன்னிரண்டு இடங்களில் திருமண் இட்டுக்கொண்டு, கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் போய் நிற்பேன். அங்கே இரண்டாம் வரிசையில் தூணை ஒட்டி எனக்கு ஓர் இடம் உண்டு. ஒரு நாள் வராவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கும். யாரும் நகர்ந்து நிற்பதில்லை.

சர்க்கரை நோய்க்கு நெடுங்காலம் மாத்திரையே போதுமாயிருந்தது. சென்ற ஆவணியில், இனி மாத்திரை போதாது, காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் மகள் அன்று உடன் வந்திருந்தாள். கிளினிக் வாசலுக்கு வருமுன்பே தொடங்கிவிட்டாள்.

"யாருப்பா குத்துவா? தனியா இருந்துக்கிட்டு நீங்களே குத்திக்கிடுவீகளா?"

"குத்திக்கிடுவேன்."

"பால் பாக்கெட்டுல தேதி தெரியாது உங்களுக்கு. ஊசியில கோடு தெரியுமாக்கும்?"

"கண்ணாடி போட்டுக்கிட்டா தெரியும்."

"பேசாம எங்க வீட்டுக்கு வந்துருங்க. மாடியில ஒரு ரூம் சும்மாதான கெடக்கு. காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு, நானே போட்டுவிட்டுருவேன்."

ராஜபாளையம் தூரமில்லை, பேருந்தில் அரை மணி நேரம். ஆனால் விடியலுக்கு முன் குளித்து முடித்து இங்கே வந்து கோஷ்டியில் நிற்க அங்கிருந்து முடியாது. மார்கழி முப்பது நாளும் நாச்சியார் சந்நிதியில் அந்தத் தூணருகே நின்று சேவித்திருக்கிறேன். அந்த இடத்தை விடுவது எனக்குக் கூடாததாக இருந்தது. இதை மகளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டே ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். "மார்கழி பொறக்குற வரைக்கும் பாப்போம்" என்றாள். "மூணு மாச டெஸ்ட் எடுப்பாகள்ல, அதுல நம்பர் எறங்கியிருந்தா இங்கனயே இருங்க. எறங்கலைன்னா பெட்டியைக் கட்டுங்க. பொறவு சாமி, கோயிலுன்னு சாக்குச் சொல்லப்படாது." சரி என்றேன். ஸ்டோர் வைத்து நடத்தியவனுக்கு இது ஒரு பெரிய காரியமா என்று நினைத்தேன்.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். சமையலறைக்கு வெளியே சுவரில் பதித்த அலமாரி ஒன்று உண்டு. அதை ஒழித்துத் துடைத்து, தட்டுகளில் தாள் விரித்தேன். மேல் தட்டில் பிரிக்காத சிரிஞ்சுகள். இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட் என்று அச்சிட்டிருந்தால் சிரிஞ்சிலும் நாற்பது என்றே இருக்கவேண்டும். நூறு என்று போட்ட சிரிஞ்சும் கடையில் கிடைக்கிறது, மாறிவிட்டால் அளவு மாறிவிடும் என்று கிளினிக் நர்ஸ் எச்சரித்திருந்தாள். ஆகவே நாற்பது போட்ட சிவப்பு மூடிச் சிரிஞ்சைத் தவிர வேறு எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று முடிவு செய்தேன். பாபினில் இரண்டு அளவு ஒரே தட்டில் கலந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாததா? நடுத்தட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி, ரத்தத்துளி வைக்கும் அதன் பட்டைகள், பஞ்சு. கீழ்த்தட்டில் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில். துணி துவைக்கும் திரவம் வந்த காலிப் பாட்டில்தான். போட்ட ஊசியை மூடியால் திரும்ப மூடாமல் அப்படியே அதற்குள் போடவேண்டும். முக்கால் பங்கு நிறைந்ததும் இறுக மூடி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அதன் பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் கற்கண்டு. சர்க்கரை சட்டென்று தாழ்ந்து கை நடுங்கினால் அதற்கு.

குப்பிகள் பிரிட்ஜில் இருக்கவேண்டும், ஆனால் உறைந்துவிடக்கூடாது. ஐஸ் பெட்டியின் அடியிலும் வேண்டாம், திறந்து மூடும் கதவிலும் வேண்டாம் என்று நடுத்தட்டைத் தேர்ந்தேன். பெருமாளுக்கு நிவேதனமாகக் கண்டருளப்பண்ணும் பாலும் தயிரும் அதே பிரிட்ஜில்தான் இருக்கின்றன. அவற்றோடு மருந்து கலந்து நிற்பது எனக்கு ஒப்பவில்லை. ஒரு பால்கோவா டின்னைக் கழுவி, காயவைத்து, குப்பிகளை அதற்குள் வைத்து மூடினேன். பிரித்த குப்பியின்மேல் பிரித்த தேதியை எழுதி ஒட்டினேன். முன்னால் வந்தது முன்னால் போகும்படி பழையதை வலப்பக்கம் வைத்தேன். மின்சாரம் நெடுநேரம் போனால் என்ன செய்வது என்று, பெரிய மண்பானையில் ஈரமணல் போட்டு அதற்குள் சிறிய பானை ஒன்றை இறக்கித் தயாராக வைத்தேன். அலமாரிக் கதவின் உள்பக்கம் அட்டை ஒன்று தொங்கியது. சிரிஞ்சு, குப்பி, பட்டை, எல்லாவற்றின் இருப்பும் அதில் ஏறியது.

இரண்டு வாரம் கழித்து மகள் வந்தாள். குடிக்கத் தண்ணீர் எடுக்க பிரிட்ஜைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா!"

"என்னம்மா?"

"பால்கோவா வாங்கி ஒளிச்சு வச்சிருக்கீகளா? இதுக்குத்தான் தனியா இருக்கணும்னு அம்புட்டுப் பிடிவாதமா?"

"தெறந்து பாரு."

திறந்து பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இதுல வச்சா ஒருநா யாராவது ஸ்பூனப் போட்டுருவாக" என்று சொல்லிவிட்டு, டின்னின் மேல் 'மருந்து' என்று பேனாவால் பெரிதாக எழுதினாள். பிறகு அலமாரியையும் திறந்து, அட்டையையும் படித்தாள். ஒன்றும் குறை சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய சான்றிதழாக இருந்தது.

மாப்பிள்ளைக்கு மருத்துவத் துணி நெய்யும் தொழில். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் அந்தத் தறிகள் நிறைய உண்டு. மாமனாருக்கு ஊசி என்று கேள்விப்பட்டதும் புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியில் ஒரு பெரிய மூட்டை கட்டி பைக்கில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினார்.

"எதுக்கு மாப்பிள்ளை இம்புட்டு?"

"ரத்தம் வந்தா துடைக்க மாமா."

"எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காதாம்."

"இருக்கட்டும் மாமா. வீட்டுல கெடந்தா நல்லதுதான."

யானைக்குக் கட்டுப்போடும் அளவுக்கு இருந்தது. அதற்கு அலமாரியில் இடமில்லை. பரணில் ஏற்றினேன், அட்டையிலும் ஏற்றினேன்.

இனிச் சொல்லவேண்டியது என் பிழை.

ஊசியை வயிற்றில் போடலாம், தொடையின் வெளிப்பக்கத்தில் போடலாம், வயிறு நல்லது, தினமும் இடம் மாற்றவேண்டும் என்று நர்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தாள். வயிறு என்றதும் என் மனம் பின்வாங்கியது. பன்னிரு திருமண்ணில் நெற்றியில் கேசவன், வயிற்றின் நடுவில் நாராயணன், வலப்புறம் விஷ்ணு, இடப்புறம் வாமனன். நாள்தோறும் நாமம் சொல்லித் தொட்டு வைக்கும் இடத்தில் இரும்பைக் குத்துவதா? இதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் குத்தச் சொல்வார்கள் என்று தெரியும். ஆகவே தொடை. இடது தொடைக்குக் குனிவது சிரமமாயிருந்தது. ஆகவே வலது தொடை. அதிலும் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்து, கைக்கு எளிதாக எட்டும் இரண்டு விரற்கடை இடம்.

முதல் வாரம் சுருக்கென்றது. ஒரு மாதத்தில் அதுவும் இல்லை. ஊசி உள்ளே போவதே தெரியாது. நாச்சியார் எனக்கென்று இரங்கி, வலிக்காத இடம் ஒன்றைக் காட்டிவிட்டாள் என்று நான் மெய்யாகவே நம்பினேன். மருந்து சீராகக் கலக்கக் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெல்ல உருட்டும்போது கைகூப்பியதுபோல இருக்கும். அப்போது நன்றி சொல்லிக்கொள்வேன்.

ஐப்பசியில் காலைச் சர்க்கரை அளவு ஏறத் தொடங்கியது. ஒருநாள் ஏறும், ஒருநாள் காரணமின்றி இறங்கும், மறுநாள் முன்னிலும் ஏறும். நான் ஸ்டோரைச் சோதித்தேன். பிரிட்ஜுக்குள் வெப்பமானி வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. குப்பியின் தேதி சரி. சிரிஞ்சின் மூடி சிவப்பு. பட்டை புதிது. குப்பியை மாற்றினேன், வேறு கடையில் வாங்கினேன், அட்டையை முதலிலிருந்து கூட்டிப் பார்த்தேன். இருப்பு ஒன்றுகூடக் குறையவில்லை. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க, சர்க்கரை மட்டும் ஏறியது.

எண்களைத் தொலைபேசியில் கேட்ட மகள் ஒரே ஒரு காரணத்தைத்தான் கண்டாள்.

"கோயில்ல என்ன குடுத்தாக இன்னைக்கு?"

"துளசி."

"நேத்து?"

"துளசிதாம்மா."

"அக்காரவடிசல் குடுத்திருப்பாகளே."

"குடுத்தாக. கண்ணுல ஒத்திக்கிட்டு, பக்கத்துல நின்னவர் கையில குடுத்துட்டேன்."

"கண்ணுல ஒத்துனா இம்புட்டு ஏறுமாப்பா?"

எனக்குச் சினம் வந்தது, காட்டவில்லை. நெய்யும் வெல்லமுமான பிரசாதத்தை மறுத்துவிட்டு அதையே உண்டவன் என்று பெயர் வாங்குவது என் வயதில் எளிதாக விழுங்கக்கூடியதல்ல. ஆனால் அவளிடம் வேறு காரணம் இல்லை. என்னிடமும் இல்லை.

கார்த்திகை முடிய ஐந்து நாள் இருக்கையில் அந்த மூன்று மாதப் பரிசோதனையின் முடிவு வந்தது. எண் இறங்கவில்லை; ஆவணியில் இருந்ததைவிடக் கூடியிருந்தது. கிளினிக்கில் மகள் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "மாடி ரூம வெள்ளையடிச்சாச்சு" என்று மட்டும் சொன்னாள். அவள் குரலில் வெற்றி இல்லை. நான் தூணையும் இரண்டாம் வரிசையையும் நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்ன சொல்லிலிருந்து மாறும் எண்ணம் எனக்கு இல்லை.

டாக்டரைப் பார்க்குமுன் நர்ஸ் உள்ளே அழைத்தாள். வன்னியம்பட்டிக்காரி, முப்பது வயது இருக்கும், யாரிடமும் தயங்கிப் பேசுபவள் அல்ல. "மருந்து சரியா இருக்கு, சாப்பாடும் சரியா இருக்குங்கீக. அப்ப எப்படிப் போடுதீகன்னு எனக்குக் காட்டுங்க ஐயா" என்றாள். நான் வெறும் சிரிஞ்சைக் கையில் எடுத்து, வேட்டியைத் தொடைவரை ஒதுக்கி, எங்கே, எப்படி என்று காட்டினேன்.

"தெனமும் இங்கனயா?"

"இங்கதான். கொஞ்சமும் வலிக்காது."

அவள் அந்த இடத்தில் விரல்களை வைத்து அழுத்தினாள். பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தாள். தோலுக்கு அடியில் நெல்லிக்காய் அளவுக்குத் திரண்டு, ரப்பர்போல ஒரு கட்டி. மூன்று மாதமாக நாள்தோறும் இரண்டு முறை தொட்ட இடம். அதுவரை நான் அழுத்திப் பார்த்ததில்லை.

"ஒரே எடத்துல குத்திக் குத்திக் கொழுப்புத் தெரண்டு போச்சு. இங்க உணர்ச்சி மரத்திருக்கும், அதான் வலிக்கல. இதுக்குள்ள போன மருந்து ஒழுங்கா ஒடம்புல ஏறாது. ஒருநா நிக்கும், ஒருநா மொத்தமா எறங்கும். ஏன் ஐயா, வயித்துல போடச் சொன்னேன்ல?"

நான் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டேன். மகள் கதவருகே நின்றிருந்தாள். பிறகு சொன்னேன்: "வயித்துல நாராயணன் இருக்கான்."

நர்ஸுக்குப் புரியவில்லை. என் மகளுக்குப் புரிந்துவிட்டது. கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, திருமண்ணின் கணக்கை அவளே நர்ஸுக்கு விளக்கினாள். நர்ஸ் முழுவதும் கேட்டாள்; சிரிக்கவில்லை.

"சரி. நாராயணர் எங்கன இருக்காரு? தொப்புளுக்கு மேலயா?"

"ஆமா."

"தொப்புளச் சுத்தி ரெண்டு வெரக்கடைக்கு நானும் குத்தப்படாதுன்னுதான் சொல்லுதேன். மத்த ரெண்டு பேரு?"

"வலது பக்கம், இடது பக்கம். அவிகளும் மேலதான்."

"அப்ப அவிய மூணு பேரும் மேலயே இருக்கட்டும். நீங்க தொப்புளுக்குக் கீழ, பக்கவாட்டுல போடுங்க. அவிய வீட்டுக்குள்ள நான் போகல, நீங்களும் போகாதீக. அந்த மண்ணு வேற ஊசியில படப்படாது, சொல்லிட்டேன்."

மூன்று மாதம் மனத்துக்குள் சுமந்த தடை இரண்டு விரற்கடையில் தீர்ந்தது. கேட்டிருந்தால் முதல் நாளே தீர்ந்திருக்கும்.

டாக்டர் அந்தக் கட்டியைப் பார்த்துவிட்டு, இனி நல்ல இடத்தில் போடும்போது மருந்து முழுவதும் ஏறும், பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும் என்று அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். கட்டி கரைய மாதங்கள் ஆகும், அதுவரை அங்கே ஊசி படக்கூடாது என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். நான் சொன்னேன்: "நம்பர் எறங்கல. சொன்ன சொல்லு சொன்னதுதான். பெட்டியக் கட்டுதேன்."

அவள் மடித்துவைத்த தாளைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தாள். "அக்காரவடிசல் சாப்பிடலைன்னு சொன்னீக. நான் நம்பல" என்றாள். பிறகு, "வலிக்கலைன்னா ஏன் வலிக்கலைன்னு யாருகிட்டயாவது கேக்கணும்ப்பா. சாமியக் கும்பிடுங்க. ஊசியவும் சேத்துக் கும்பிடாதீக" என்றாள். அதன்பின் அவள் சொன்னது, மார்கழி முதல் வாரம் தானே இங்கே வந்து தங்குவதாகவும், ஏழு நாள் கண்ணால் பார்த்தபின் முடிவு சொல்வதாகவும்.

அன்று மாலை புதிய அட்டை ஒன்று எழுதினேன். முன்னதில் அலமாரியில் இருந்த எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. மருந்து போய்ச் சேரும் இடத்துக்கு மட்டும் இல்லை. சரக்கைக் கவனித்துவிட்டு, அது இறங்கும் எந்திரத்தைக் கவனியாத ஸ்டோர்க்காரனாக இருந்திருக்கிறேன். தொப்புளுக்குக் கீழே வலப்புறம் நான்கு இடம், இடப்புறம் நான்கு இடம், இடது தொடையின் வெளிப்பக்கம் நான்கு இடம். ஒன்றுக்கொன்று ஒரு விரற்கடைக்குமேல் தள்ளி, மொத்தம் பன்னிரண்டு. கேசவன் முதல் தாமோதரன் வரை பன்னிரண்டு நாமங்களையும் வரிசையாக அவற்றுக்கு எழுதினேன். காலை ஒன்று, மாலை ஒன்று. ஆறு நாளில் ஒரு சுற்று. மறதி வராது, இந்த வரிசை எனக்கு உறக்கத்திலும் பிறழாது. வலது தொடைக்கு எதிரே, பழுதான சாமானுக்கு மில்லில் எழுதுவதுபோல, 'நிறுத்திவைப்பு' என்று எழுதினேன்.

மகள் மார்கழி முதல் நாளுக்கு முந்தைய மாலையே வந்துவிட்டாள். விடியலில் நான் கோயிலுக்குப் போனேன். தூணருகே இடம் காலியாக இருந்தது. சேவித்து, துளசி வாங்கிக்கொண்டு திரும்பினேன். கை கழுவி, விரல் நுனியில் ரத்தம் எடுத்து அளவு பார்த்து, குப்பியை உருட்டி, மருந்தை இழுத்தேன். அட்டையைப் பார்த்து, கேசவனுக்குரிய இடத்தைப் பஞ்சால் துடைத்துக் குத்தினேன். சுருக்கென்றது. முகம் சுளித்திருக்கவேண்டும்.

"வலிக்குதாப்பா?" என்றாள்.

"வலிக்கு."

"நல்லது. இட்லி எடுத்து வச்சுட்டேன். அரை மணி நேரத்துல சாப்பிடணும்."

நான்காம் நாளிலிருந்து காலை அளவு சீராக இறங்கியது. ஏழாம் நாள் அவள் பையை எடுத்துக்கொண்டு, புறப்படுமுன் அலமாரிக் கதவைத் திறந்து, அட்டையின் அடியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தாள்: 'ஞாயிறுதோறும் மகள் அழுத்திப் பார்க்கவேண்டும்.' அதுதான் அவள் சொன்ன முடிவு. இந்த மார்கழி முப்பது நாளும் நான் தூணருகே நின்றேன்.

இப்போது ஞாயிறுதோறும் வருகிறாள். சப்போட்டா பழம் வாங்குபவள்போல ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்க்கிறாள். வலது தொடையின் நெல்லிக்காய் சுண்டைக்காய் ஆகியிருக்கிறது. வெள்ளையடித்த மாடி அறை வீணாகவில்லை; மாப்பிள்ளை தம் காஸ் துணிக் கட்டுகளை அங்கே அடுக்கிவிட்டாராம். என் பரணில் இருந்த மூட்டையையும் திரும்பக் கொண்டுபோகச் சொன்னேன். "இருக்கட்டும் மாமா" என்கிறார்.

இன்று ஏகாதசி. காலையில் மாதவனுக்குரிய இடம், மாலையில் கோவிந்தன். இதைப் படிப்பவர்களில் ஊசி போட்டுக்கொள்பவர் எவரேனும் இருந்தால், அவர்கள் விரல்கள் தங்கள் உடம்பைக் கூச்சமின்றித் தொட்டுப் பார்க்கட்டும். கேட்கவேண்டியதைக் கேட்க அவர்கள் நா தயங்காதிருக்கட்டும். மற்றோர் அனைவரும் நோயின்றி, உண்டது உடம்பில் ஒட்டி, தத்தமக்குரிய தூணருகே நெடுங்காலம் நிற்கும்படி நாச்சியார் திருவுள்ளம் பற்றட்டும்.